அஷ்டமி நிலா

எங்கள் வீட்டுக்காரருக்குக் கோழியும் ஒன்றுதான், மகளும் ஒன்றுதான். நேரத்துக்குத் தீனி, நேரத்துக்கு விளக்கு, சுற்றிலும் கம்பி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பத்தாவது முடித்த அபிநயாவை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் அடைத்தார். டாக்டராக வேண்டுமாம். அவளுக்கோ வானத்தின் மேல்தான் பைத்தியம். என் தம்பி வாங்கிக் கொடுத்த டெலஸ்கோப்பைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, ரெண்டு வருசம் போகட்டும் என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். முதல் ஞாயிறு, அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரண்ல இருக்கறத எறக்கி நெலாவ ஒரு போட்டோ எடுத்துட்டு வாம்மா. இங்க நெலா வர்ற நேரத்துல உள்ள உக்கார வெச்சுடறாங்க. அது ஒண்ணு கையில இருந்தா நான் சமாளிச்சுக்குவேன்."

இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தாய்?

முட்டை லாரி வரும் சாயங்காலங்களில் அவர் பண்ணையை விட்டு நகர மாட்டார். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். நிலா குழாய்க்குள் சிக்குவதே பெரும்பாடு. சிக்கினாலும் செல்போனை எடுத்து வைப்பதற்குள் ஓரமாய் நழுவிப் போய்விடும். கஷ்டப்பட்டு எடுத்த படத்தில் கை நடுங்கி, உடைத்து ஊற்றிய வெள்ளைக்கரு மாதிரி ஒரு திட்டுதான் இருந்தது. எப்படியோ ஒரு பௌர்ணமியில் வட்டமாக எடுத்து, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். செல்போனைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே.

அவள் சிரித்துவிட்டாள். "பௌர்ணமியில நெழல் விழாதும்மா, பள்ளமே தெரியாது. அரை நெலாவப் புடி."

அரை நிலா என்றைக்கு வரும் என்று காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாயங்காலத்தில் அது வளர்பிறை அஷ்டமியன்றுதான் வருகிறது. அஷ்டமியில் எங்கள் வீட்டில் கோழிக்குஞ்சுகூடப் பண்ணைக்கு வாங்கி இறக்க மாட்டோம். அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? ஒரு அஷ்டமியை மேகம் தின்றது. அடுத்ததில் லாரியே வரவில்லை, அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மாதங்களில் வெறுங்கையோடுதான் போனேன். அவளும் கேட்கவில்லை. நன்றாகப் படிக்கிறவர்களின் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த அஷ்டமியில்தான் பிடிபட்டது. திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தேன். செல்போனைக் குழாயோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி, அதுவாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். வெட்டிய ஓரம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாய், ஒவ்வொன்றுக்கும் நிழலோடு. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் பிறந்தபோது வந்த சந்தோஷம் அன்றைக்கு வந்தது. ஸ்டுடியோக்காரர் நெட்டில் எடுத்ததா என்று கேட்டார். நானே எடுத்ததுங்க என்றேன்.

அந்த ஞாயிறு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அவள் கையில் கொடுத்தேன். திட்டினால் திட்டட்டும் என்றிருந்தேன். அவள் பார்த்தாள். நல்லாருக்கும்மா என்றாள். அதற்குள் அவர், போன பரீட்சையில் ஏன் நாலு மார்க் குறைந்தது என்று கேட்டார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். படத்தைக் கவிழ்த்து முழங்காலில் வைத்து, தப்பாய்ப் போன கணக்கை அதன் முதுகில் போட்டுக் காட்டினாள். ஒன்றும் புரியாமல் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது படத்தை என்னிடமே நீட்டினாள்.

"நீயே கொண்டு போயிரும்மா. இதையெல்லாம் பாத்துட்டிருந்தா மார்க் போயிரும்."

படத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவருக்குத்தான் வாய் கொள்ளாத சிரிப்பு.

"பாத்தியா வேணி, புள்ளைக்குப் புத்தி வந்துருச்சு."

டெலஸ்கோப்பை அன்றைக்கே நானே பரணில் ஏற்றிவிட்டேன். படத்தை அவர் வாங்கி, மகள் போட்ட கணக்கு என்று வருகிறவர்களுக்குத் தெரியும்படி பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நிலா உள்பக்கமாய் இருக்கிறது.