ராஜாவைச் சோதனை போட்ட தக்கை

ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு பிராந்தித் தக்கையால் நான் ராஜாவைப் பிடித்தபோது, வேடிக்கை பார்க்க வங்கக் கடலே முதலியார்பேட்டைக்கு வந்துவிட்டது.

என்னை ஒருமுறைகூட ஜெயிக்கவிடாதவர் தணிகாசலம். இம்முறையும் தோற்றால் சதுரங்கத்தையே விடுவதாகச் சத்தியம் செய்து, பலகை நடுவே தக்கையை நட்டேன்.

“இவரு கோரிமேட்டுச் சுங்கக்காரரு. எல்லையில நம்மள எத்தினி வாட்டி நிறுத்தினாரு! பக்கத்துல வர்ற காய் சோதனைக்கு ஒரு வாட்டி நவுராம நிக்கணும்.”

“தக்கையாவது, ஜெயிக்கிறதாவது! வச்சுக்கய்யா.”

அவருடைய யானைகள் என் காய்களைத் தின்று தீர்த்தன. நான் அசரவில்லை. மிஞ்சிய ஒற்றைக் குதிரையால் அவர் ராஜாவைத் தக்கையோரம் விரட்டி, மறுபடியும் செக் வைத்தேன். குதிரையை வெட்ட அங்கே ஆளில்லை.

“ராஜா நவுந்துடுவாரு!”

“சோதனை முடியலியேய்யா!”

தணிகாசலம் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நடந்துட்ச்சுய்யா. தக்கை என் ராஜாவைப் புடிச்சுட்ச்சு.”