வெள்ளை டிரம்

செத்துப்போன மூன்றாவது இறாலை டீ வடிகட்டியால் அள்ளிச் செய்தித்தாளில் அவள் சுற்றிக்கொண்டிருந்தபோது, கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பொட்டலத்தைக் குப்பைக் கூடையில் போடப் போனாள். அங்கே கிடந்தால் நாத்தனார் கண்ணில் படும். மிக்ஸிக்குப் பின்னால் செருகினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை இழுத்து, மீன் தொட்டி முழுவதையும் மூடிப் போர்த்தினாள்.

இருநூறு லிட்டர் பிடிக்கிற கடல் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பாறை, பாறை மேல் உயிரோடிருக்கும் பவளம். கணவர் பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு கிடந்துவிட்டு வந்து, குளித்து, தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு முகம் தெளியும்.

இருபத்து மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, மூச்சு வாங்க வாங்க அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். தினமும் தண்ணீர் கொஞ்சம் குறையும், குறைகிற அளவுக்கு ஊற்றிவிடு. அவளும் ஊற்றினாள். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டிரம் இருந்தன. நீலத்தில் உப்புக் கரைத்த தண்ணீர், வெள்ளையில் வடிகட்டிய வெறும் தண்ணீர். கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே என்று தினம் இரண்டு லிட்டர் நீலத்திலிருந்தே ஊற்றினாள். நீலம் காலியானபோது, உப்புப் பையின் முதுகில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்து, கேன் தண்ணீரில் கிராம் பிசகாமல் நிறுத்துக் கலக்கி, மறுபடியும் நிரப்பினாள். அவ்வளவு அக்கறை அவளுக்கு.

முதல் வாரம் பவளங்கள் வாயை மூடிக்கொண்டன. அடுத்த வாரம் நிறம் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தினமும் கேட்பார், எப்படி இருக்கு என்று. நல்லா இருக்கு என்பாள். நோயாளியிடம் வேறு என்ன சொல்வது? இன்று காலையில்தான், இனித் தாங்காது என்று மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள். எந்த டிரம், எந்த டிரம் என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

"அக்கா, ஆவியாப் போறது தண்ணி மட்டும்தானே. உப்பு எங்க போகும்? அது உள்ளயேதான் இருக்கும். அதுக்கு மேல மேல நீங்க உப்பு போட்டிருக்கீங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன்க்கா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்றைக்கோ நாளைக்கோதான், வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் கேட்டதும் ஒன்றுதான். கட்டிலை ஹாலில், தொட்டியைப் பார்க்கிற மாதிரிப் போட வேண்டும்.

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. மூன்று மாடியும் படியிலேயே தூக்கி வந்தார்கள். "நாப்பது வருஷம் ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வச்சேன், என்னை மட்டும் படியில தூக்குறாங்க பாரு" என்று அவர் சொல்ல, தூக்கி வந்தவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்னாலேயே மாத்திரைப் பையோடு நாத்தனார் வந்தாள். தையல்காரி. வாயும் ஊசிதான், ஆனால் குத்துவதைவிடத் தைப்பதற்கே அதிகம் பயன்படும்.

"அண்ணி, உங்க முகத்தைப் பாக்கத்தான் வராருன்னு நெனைச்சிடாதீங்க. மேனேஜர் முகத்தைப் பாக்க வராரு" என்றாள்.

மேனேஜர் என்பது ஆரஞ்சும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட மீன். ஒரு வேலையும் செய்யாது, உள்ளே வருகிற கையையெல்லாம் விரட்டும். தன் ஆபீஸ் மேனேஜரை நினைத்து அவர் வைத்த பெயர். அது மட்டும் இன்னும் உயிரோடிருந்தது. காலையிலிருந்து தண்ணீரின் மேல்மட்டத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவர் விரிப்பைப் பார்த்தார். லைட் போய்விட்டது, நாளைக்கு ஆள் வருகிறான், ஆள் நடமாட்டத்தில் மீன் மிரளுமே என்று மூடினேன் என்று அவள் ஒப்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒயர் மாற்றுகிற மனுஷனிடம் போய் லைட்டைப் பற்றிப் பொய். அவர் சரி என்று மட்டும் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. இப்படியே, இதைப் பார்க்காமலே, போய்விட்டால் நன்றாக இருக்கும். இருபத்து மூன்று நாளாக இந்த உயிர் போகக் கூடாது என்று கெஞ்சிய நெஞ்சா இது?

நாத்தனாருக்குச் சும்மா இருக்க வராது. நாற்காலி போட இடம் பண்ணலாம் என்று வெள்ளை டிரம்மைத் தள்ளினாள். அசையவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்துத் தள்ளினாள்.

"என்ன அண்ணி இது, விளிம்பு வரைக்கும் தண்ணி நிக்குது. தொட்டதே இல்லையா?"

அவர் கண் திறந்தது. டிரம்மைப் பார்த்தது. கூரையைப் பார்த்தது. இருபத்து மூன்று நாள் தொடாத டிரம் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாதா? விரிப்புக்குள் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் தரையின் டைல்ஸ் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?" என்றார்.

"பன்னெண்டு."

"தொட்டியிலருந்து ஒரு லிட்டர் வெளிய எடு. வெள்ளை டிரம்முலருந்து ஒரு லிட்டர் ஊத்து." மூச்சு வாங்கிக்கொண்டார். "நூல் மாதிரி விடணும். மணிக்கு ஒண்ணுதான். திடீர்னு மாத்தினா உள்ள இருக்கறது தாங்காது."

இவ்வளவு பெரிய தொட்டிக்கு மணிக்கு ஒரு மக் தண்ணீரா, எப்போது முடியும் என்று நாத்தனார் கேட்டாள்.

"நாலஞ்சு நாள் ஆகும்" என்றார்.

"என்னங்க, நான் வந்து..."

"மணி தாண்டுது பாரு."

விரிப்புக்குள் தலையை நுழைத்தாள். உள்ளே வெதுவெதுப்பும் உப்பு வாடையும். அந்த மங்கலிலும் பவளங்கள் எலும்பாய் வெளுத்துத் தெரிந்தன. மக்கைச் சாய்த்தாள். தண்ணீர் நூல் அறுந்து அறுந்து விழுந்தது.

ஒரு மணிக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அவர் தூங்கினார். இரண்டு மணிக்கு, அவள் தலையை வெளியே எடுக்கும்போது, மேனேஜர் எப்படி என்று கேட்டார். கையைக் கடிக்க வந்துச்சு என்றாள். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்த அசைவின் மேல் எதைக் கொண்டுபோய்ப் போடுவது? மூன்று மணிக்கு மேனேஜர் மேலே இல்லை. பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவருக்கு நெஞ்சு ஏறி இறங்குவது இடைவெளி விட்டு விட்டு நடந்தது. இனி ஒத்திப்போட முடியாது. நான்காவது மக்கைச் சாய்த்துக்கொண்டே வார்த்தையை அடுக்கினாள். நான்தாங்க. தெரியாமத்தான். ஆனா நான்தான். மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, காலி மக்கோடு விரிப்பை விலக்கி வெளியே வந்தாள்.

நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மெல்ல அவர் மார்மேல் வைத்தாள்.

டாக்டர் வந்து காகிதத்தில் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாத்தனார் யார் யாருக்கோ போன் செய்தாள். அவள் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நெற்றி முடியைச் சரிசெய்தாள். வாய் வரைக்கும் வந்து நின்ற வார்த்தை அங்கேயே நின்றது. அமரர் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து கட்டிலோடு சேர்த்து வைத்து, எடுக்கலாமா என்று தணிந்த குரலில் கேட்டார்கள்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று மக்கை எடுத்தாள்.

"அண்ணி, இப்ப எதுக்கு... விடுங்க" என்றாள் நாத்தனார். அவள் விடவில்லை. தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கீழே வாளியில் கொட்டினாள். வெள்ளை டிரம்மில் முக்கி எடுத்தாள். இரண்டு கையாலும் மக்கைப் பிடித்துக்கொண்டதால் விரிப்பைத் தூக்கக் கை இல்லை. துணி நழுவி முகத்தில் விழுந்தது. தலையால் முட்டித் தள்ளினாள், மறுபடியும் விழுந்தது.

வண்டிக்காரர்களில் வயதானவர் ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு வந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. விரிப்பின் முனையைப் பிடித்துத் தன் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் உள்ளே போய், வெளுத்த பாறை முழுவதும் தெரிந்தது. கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே இப்போது எதுவும் இல்லை.

பெரியவர் ஒருமுறை உள்ளே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீர் நூலாய் இறங்கியது. ஒரு லிட்டரும் இறங்கி முடியும்வரை அவர் கையைத் தாழ்த்தவில்லை.