ஆடி மாதத்துப் பியானோ பந்தி

ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, திருமுல்லைவாயில் பரந்தாமன் மஹாலில், மூன்று பந்தியாக ஊர் உட்கார்ந்து பியானோ சாப்பிட்டது. சாப்பிட்டவர்களில் சிலர் வீட்டில் படுத்திருப்பவர்களுக்குப் பார்சல் கேட்டார்கள். அதை எதில் கட்டுவது என்று தெரியாமல் போனது ஒன்றுதான் அன்றைய குறை என்று இன்றும் ஸ்டேஷன் பக்கம் சொல்வார்கள். வெங்காயம் கிலோ எண்பதுக்குப் போன வாரம் அது. அதனால் மற்ற விஷயங்களில் ஆச்சரியப்பட யாருக்கும் அவ்வளவாகத் தெம்பில்லை.

பியானோ சுரேகாவுடையது. கறுப்பு, நிமிர்ந்து நிற்கும் ரகம், ஒரு சிறிய பீரோவின் கனம். அதை வைத்துக்கொண்டு அவர் ஆவடியில் ஒரு வீடு, ஐயப்பன்தாங்கலில் ஒரு வீடு என்று காலி செய்துகொண்டே வந்தவர். ஐயப்பன்தாங்கலில் விடிகாலை நாலு மணிக்குப் பணிமனை பஸ்கள் வரிசையாக உறுமும். அதைத் தாலாட்டுப்போல் கேட்டுத் தூங்கிப் பழகிய வீட்டுக்காரருக்கு, மாலை ஆறு மணிப் பியானோ மட்டும் மண்டைக்குள் இறங்கியது. திருமுல்லைவாயில் அடுக்கக மூன்றாம் மாடிக்கு வந்த நாலாம் மாதம், குடியிருப்போர் சங்கம் கூடி, புறாக்கள், பேச்சிலர்கள், பியானோ என்ற வரிசையில் மூன்று தொல்லைகளையும் விவாதித்தது. புறாவை ஒன்றும் செய்ய முடியாது. பேச்சிலர்கள் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். மிச்சமிருந்தது பியானோதான்.

சங்கச் செயலாளர் தமிழரசு தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திருச்சிப் பக்கம். எந்தக் கொடுமையையும் நியாயமாகச் செய்யவேண்டும் என்ற கொள்கையுடையவர். எனவே சுரேகாவுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார். “கேக்க ஆள் இருந்தா அது சங்கீதம் மேடம், இல்லேன்னா அது வெறும் சத்தம். ஐம்பது பேர். நம்ம ஃபிளாட்டுக்காரங்க வேணாம், அவங்க முகத்துக்காக வருவாங்க. வெளியாள் ஐம்பது பேர் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேக்கட்டும். அப்புறம் நீங்க எழுபது வயசு வரைக்கும் வாசிங்க, நான் வாய் திறக்க மாட்டேன்.” ஐம்பது தேறாவிட்டால் ஆடி முடிவதற்குள் பியானோ கட்டடத்தை விட்டுப் போகவேண்டும். இன்னொரு வீடு தேடும் தெம்பு சுரேகாவிடம் இல்லை. தோற்றால் அதை விற்றுவிடுவது, அதன்பிறகு எதையும் தொடுவதில்லை என்று அவர் மனதுக்குள் முடிவு செய்து, அதை ஒருவரிடமும் சொல்லாமல், சரி சார் என்றார்.

கூட வாசிக்க இரண்டு பேர் இருந்தார்கள். பூந்தமல்லி அப்துல் ரசாக், சாக்ஸபோன். கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்து நடந்தே வாசித்தவர். ஓட்டல் பாரில் பத்து வருடம் ஜாஸ் வாசித்தபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார். இன்னொருவர் நிர்மல், ஐ.டி. கம்பெனி, பேஸ் கிடார். அமெரிக்கா கண்விழித்தால் இவர் வேலைக்குப் போயாகவேண்டும். ரசாக்குக்கு மாலையில் ஊர்வலம், நிர்மலுக்கு மாலையில் அமெரிக்கா. ஆகவே கச்சேரி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு என்று முடிவாயிற்று. இடம் கொடுத்தவர் பரந்தாமன். அவர் குடும்பத்து நஞ்சையில் நெல் நின்றுபோய், சில வருடங்களாக ரிசப்ஷன் விளைகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மஹால் சும்மா கிடந்து புழுங்கினால் சுவர் பூத்துவிடும் என்பதால் வாடகை இல்லாமலே கொடுத்தார். கைக்காசில் ஒரு ஃபிளக்ஸும் அடித்தார். ‘இலவச இசை நிகழ்ச்சி. பியானோ, ஜாஸ். நண்பகல் 12 மணி. அனைவரும் வருக.’

இதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஃபிளக்ஸை யாரும் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. ஆடி மாதம், மண்டபம், இலவசம், பன்னிரண்டு மணி. இந்த நான்கும் சேர்ந்தால் அது அன்னதானம். இசை என்று போட்டிருந்ததை யாரும் கவனிக்காமல் இல்லை. எந்த அன்னதானத்தில் ஸ்பீக்கர் இல்லை? சாப்பிடும்போது பக்கத்தில் ஏதோ அலறும், அது அதன் பாட்டுக்கு அலறிவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டார்கள். பியானோ என்பது குஸ்கா மாதிரி ஏதோ புது அயிட்டம் என்று ஒரு கட்சியும் இருந்தது.

அன்றைக்குக் காலையில் இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. மேடை மாடியில். பியானோவைத் தூக்கவந்த ஆட்கள் படிக்கட்டைப் பார்த்தார்கள், பியானோவைப் பார்த்தார்கள், கீழேயே சாப்பாட்டு ஹாலில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஹாலில் ஆள் சேருவதைப் பார்த்த மண்டப சூப்பர்வைசர், கை பழகிப்போனதால், நீள மேசைகளில் பேப்பர் ரோலை விரித்து, பந்திக்கு ஐம்பதாக வாழையிலையும் போட்டுவிட்டார். பன்னிரண்டு அடிக்கும் முன்பே ஐம்பது நாற்காலியும் நிறைந்தது. முதல் இலையில் எல்லம்மா. பூக்கடை வைத்திருப்பவர். ஆவடியிலிருந்து திருமழிசை வரைக்கும் எந்தக் கோவிலில் என்றைக்கு எத்தனை கூட்டு, எந்தச் சமையல்காரர், பாயசத்தில் முந்திரி உண்டா என்பது வரைக்கும் அறிந்தவர். தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

வாசற்கதவு வழியாக இதைப் பார்த்த சுரேகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார இடமில்லாமல் நின்று கேட்க வந்திருக்கிறார்களே என்று நினைத்தார். ரசாக் ஆயிரம் கல்யாணம் பார்த்தவர். “அக்கா, இது கேக்க வந்த கும்பல் இல்ல, துன்ன வந்த கும்பல்” என்றார் மெதுவாக. “சோறு எங்கன்னு ஒருத்தன் வாயத் தொறந்தான்னு வையி, நானு பின்பக்க கேட்டாண்ட ஓடிப் பூடுவேன். இப்பவே சொல்லிக்கினேன்.” கை கழுவும் தொட்டியருகே தமிழரசு மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோளில் மாட்டிய பையில் அவருடைய ஓட்ஸ் டப்பா இருந்தது. சர்க்கரை வந்து வருடக்கணக்காக, எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் தன் சாப்பாட்டைத் தானே எடுத்துப்போவார். சுரேகா அவரையும் பார்த்தார், ஐம்பது வெறும் இலைகளையும் பார்த்தார். ஓடுவதற்குக்கூடப் பியானோவை விட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும் என்பதால் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

முதலில் வாசித்தது ஐரோப்பாவில் எப்போதோ குளிர்காலத்தில் எழுதப்பட்ட நிதானமான ஒன்று. இடது கை நாலு முறை சுற்றி வருவதற்குள் எல்லம்மாவுக்கு நாக்கில் சூடாகப் பருப்பும் நெய்யும் தட்டியது. இலையைப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. வாயைத் துழாவினார், நிறைந்திருந்தது. அவர் அனுபவசாலி, இலையில் இருக்கிறதா வாயில் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிற ஆளில்லை. விரலால் வெறும் இலையைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். வரிசை முழுவதும் பிசைந்தது. ரசாக் பயத்தில் சாக்ஸபோனை எடுத்து ஊத, சுரேகாவின் குளிர்காலம் மெல்ல வளைந்து ஜாஸாக மாறியதும், சாம்பார் வந்தது. நிர்மலின் பேஸ் அடியில் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. “நைனா, இந்தாண்ட கொஞ்சம் வுடு” என்றார் எல்லம்மா. ரசாக் அவர் பக்கம் திரும்பிக் குனிந்து ஊதினார். போதும் போதும் என்று அவர் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். அங்கங்கே எல்லோரும் அப்படி மறைத்தார்கள். வெளிநாட்டில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று நிர்மல் பிற்பாடு சொன்னார்.

முதல் பந்தி முடிந்து இலையை மடித்துவிட்டு ஏப்பத்தோடு எழுந்தார்கள். அங்கேதான் விவகாரம் வந்தது. எங்கள் ஊரில் சாப்பிட்டவுடன் எழுந்திருப்பது மரியாதை, பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உட்கார்ந்திருப்பது அயோக்கியத்தனம். தமிழரசு தொட்டியருகே இருந்து வந்து, குரலை உயர்த்தாமல், உட்கார்ந்த ஐம்பது பேரும் எழுந்துவிட்டார்கள், கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது, எனவே கணக்கு பூஜ்யம் என்றார். சட்டப்படி சரிதான். சுரேகா விரலை எடுக்காமல் இரண்டாம் பந்திக்கு வாசித்தார். அதுவும் தின்றுவிட்டு எழுந்தது. கணக்கு மறுபடியும் பூஜ்யம். கடைசிப் பந்தி ஒன்றுதான் கடைசிவரை உட்காரும் பந்தி. அதில் ஐம்பது தேறவேண்டும் என்பது இப்போது ரசாக்குக்கும் புரிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தெருப்பக்கம் பார்த்தார். தெருவில் ஒரு நாய்கூட மிச்சமில்லை, எல்லோரும் சாப்பிட்டாயிற்று.

மூன்றாம் பந்தியில் ஒரு இலை காலியாக இருந்தது. பரந்தாமன் ரோட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எல்லம்மா தன்னால் முடியுமா என்று இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். சுரேகா அந்த ஒற்றை இலையைப் பார்த்தார். இனி இந்தக் கட்டைகளைத் தொடப்போவதில்லை என்று முடிவாகத் தெரிந்தவர் எப்படி வாசிப்பாரோ அப்படி, யாருக்கும் நிரூபிக்க ஒன்றுமில்லாமல், மிக மெதுவாக வாசித்தார். ஹால் முழுக்கப் பாயசம் மணத்தது. ஏலக்காய், வெல்லம், அடிப்பிடிக்காத பால். தமிழரசு தொட்டிக்குழாயைத் திறந்து முகம் கழுவினார். மறுபடி கழுவினார். எல்லம்மா அவரிடம் போய், “சார், வந்து குந்து சார். இலை காஞ்சிகினு கீது, பாவம்” என்றார். தனக்கு சுகர் என்றார் தமிழரசு. “அத்த டாக்டராண்ட சொல்லு. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?” இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர் உட்கார்ந்தார். பையைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தார்.

எழவில்லை. மூன்று பேரும் வாசித்து முடித்துக் கையை எடுக்கும்வரை, கண்ணை மூடி, ஒரு விரலால் இலையை வழித்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுரேகா மட்டும் பார்க்கவில்லை, மூடியை இறக்கி அதன்மேல் கையை வைத்திருந்தார். நாற்பத்தொன்பது என்று சொல்லத் தமிழரசுக்கு எல்லா முகாந்திரமும் இருந்தது. அவர் ஃபிளாட்டுக்காரர், வெளியாள் இல்லை. விதியை எழுதியவரே அவர். ஆனால் சாப்பிட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடவில்லை என்று சொல்லும் துணிச்சல், எங்கள் பக்கத்தில் பெரிய அரசியல்வாதிகளுக்கே தேர்தலுக்குப் பிறகுதான் வரும். தமிழரசு இலையைத் தன் பக்கமாக மடித்தார். “ஐம்பது” என்றார். பிறகு தணிக்கைக்காரர் புத்தி விடாமல், “முதல் ரெண்டு பந்தி சேராது” என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மறுநாள் தமிழரசு சர்க்கரை பரிசோதித்தார், இருந்த அளவிலேயே இருந்தது. உணவுத் தரம் பார்க்கும் இரண்டு பேர் மாதிரி எடுக்க வந்து, பாட்டில்களைப் பியானோ பக்கம் திறந்து பிடித்து, மூடி, சீல் வைத்து எடுத்துப்போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஒரு கட்சிக்காரர் இந்தத் திட்டம் தங்கள் ஆட்சியில் யோசிக்கப்பட்டது என்று ஃபிளக்ஸ் வைத்தார், எதிர்க்கட்சிக்காரர் அதில் உப்பில்லை என்று வைத்தார். ஊருக்குத் தெற்கே இருந்து உண்மையான ரசிகர்கள் காரில் வந்தார்கள். இலை வேண்டாம் என்று சுவரோரமாக அமர்ந்து, தலையைச் சரியான இடங்களில் ஆட்டி, ஜாஸ் எங்கே முடிகிறது மற்றது எங்கே தொடங்குகிறது என்று தங்களுக்குள் விளக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு மட்டும் வயிறு நிறையவில்லை. திரும்பும்போது பூந்தமல்லி ஹைரோட்டில் பிரியாணிக்கு நிறுத்தினார்கள். சுரேகா வீட்டில் ஞாயிறு மதியமும் வாசிக்க, மூன்றே வருடத்தில் அடுக்ககத்தில் அந்நேரம் அடுப்பு பற்றவைப்பது நின்றது. மெயின்டனன்ஸ் கட்டாதவர்கள் அந்த நேரத்தில் ஜன்னலை மூடிக்கொள்ளவேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் தமிழரசு அல்ல, வாபஸ் வாங்க வைத்தவர் அவர். சுரேகா புது உருப்படி பழகுகிற வாரங்களில் சிலருக்கு வயிறு மந்தித்தது, ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

சுரேகாவுக்கு மட்டும் தான் வாசிப்பதில் பசி ஆறியதே இல்லை. எல்லோரும் கை கழுவிப் போனபிறகு அவர் எதையாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வார், பரிமாறுகிறவர் பாடு எங்கும் அதுதானே என்பார். போன கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாறு நாள் படுத்துவிட்டார். தமிழரசு மனைவியைக் கேட்காமல், போனில் வீடியோ பார்த்துத் தானே ரசம் வைத்து, சோற்றில் கரைத்து எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தார். வாசல்படியில் நின்றபடி, முகத்துக்காகச் சொல்லாதீர்கள், எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுரேகா ஒரு வாய் எடுத்தார். கையைப் பாதியில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதைக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தார்.

“மிளகு எடுப்பு நல்லா இருக்கு சார். நடுவுல புளி வர்ற இடத்துல தாளம் கொஞ்சம் ஓடுது.”

தமிழரசு தலையாட்டினார். நாளைக்கு அந்த இடத்தை மட்டும் நாலு தடவை வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். சுரேகா கிண்ணம் காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.