ஜகதீசனின் திருத்தங்கள்

தெலுங்கு பேசும் ஊரான காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையில் ஜகதீசன் தரப் பரிசோதனை அதிகாரி. அவர் பிரிவில் 'பழுது' என்று யாரும் எழுதுவதில்லை. கருவி புகைந்தால் அது 'எதிர்பார்த்த நிலையிலிருந்து சிறு விலகல்'. இருபது வருஷமாக இந்த மொழியில் எழுதி வந்தவருக்கு, மகளின் பள்ளிக்காக டாக்டர் எழுதித் தந்த படிவத்தில் 'நினைவாற்றல் குறைபாடு' என்றிருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தேஜஸ்வினிக்குப் பதினொரு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் அரக்கு மலைக்குச் சுற்றுலா போய்வந்த பத்தாம் நாள் காய்ச்சல், வலிப்பு, மூன்று நாள் நினைவில்லை. மலேரியா மூளைக்கு ஏறியிருந்தது. பிழைத்து வந்தாள். 'நலமடைந்தார்' என்ற டிஸ்சார்ஜ் சீட்டை ஜகதீசன் லேமினேட் செய்தார். "ஹண்ட்ரட் பர்சன்ட் ஃபிட்" என்று பால் பூத்தில் பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அறிவித்தார். ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி.க்குத் தயார் செய்யும் சூப்பர் செக்‌ஷனில் சேர்த்தும் விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியும் பாடத்துக்கே போகும் அங்கேதான் அவள் பின்தங்கினாள்.

டாக்டர் ஜுலைகா வாணியம்பாடிக்காரர். பொறுமையாக விளக்கினார்.

"கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளையோட நுண்குழாய்ல ஒட்டிக்கும் சார். ஆக்சிஜன் குறையும். நரம்பைத் தூண்டுற சில ரசாயனங்க அளவு மீறிப் போகலாம். காய்ச்சல் போயிடும். ஆனா ஞாபகத்துலயும் கவனத்துலயும் பட்ட அடி சில பிள்ளைங்களுக்கு நின்னுடும். அவ சோம்பேறி இல்ல."

படிவத்தில் அப்பா கையெழுத்திட்டால் வேறு செக்‌ஷன், பரீட்சையில் கூடுதல் நேரம். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"'தற்காலிக விலகல்'னு மாத்தலாமா டாக்டர்?"

"மாத்தலாம் சார். 'தற்காலிகம்தானே, தானா சரியாயிடும்'னு ஸ்கூல்ல ஃபைலை மூடிடுவாங்க."

ஜகதீசன் படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி கல்பகம் பேனாவை நீட்டினாள்.

"டெஸ்ட் பண்ணாம நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை."

"ஏன்னா, அவ என்ன உங்க ஃபாக்டரி பம்ப்பா? இதெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

ஞாயிறு காலை பரிசோதனை நடந்தது. ஸ்டாப்வாட்ச், மூன்று கட்டம் போட்ட தாள். தேஜஸ்வினி மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரே தடவைதான் சொல்வேன். ஃபேனை நிறுத்து. பேப்பரை மடி. துளசிக்குத் தண்ணி விடு. அம்மாவைக் காபி போடச் சொல்லு."

நான்கையும் வரிசை தவறாமல் செய்தாள். ஜகதீசன் கல்பகத்தைப் பார்த்த பார்வையில் ஒரு பதவி உயர்வே இருந்தது. 'தேர்ச்சி' என்று எழுதினார். இரண்டாம் சுற்றில்தான் கவனித்தார்: மகளின் வலது தோள் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளும் மேசைக்கு அடியில்.

"கையைக் காட்டு."

இடது உள்ளங்கை நிறைய நீல மையில் அவர் சொன்ன கட்டளைகள். சட்டைக் கையை ஏற்றினார். முழங்கை வரை பொடி எழுத்து. வெள்ளிக்கிழமை வெள்ளை ஷூ. கணக்கு டீச்சர் பெயர். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் பெயர்.

"எப்பலேர்ந்து?"

"ஹாஸ்பிட்டல்லேர்ந்து வந்தப்புறம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் ஹண்ட்ரட் பர்சன்ட்னு செப்பாரு கதா, சொன்னீங்கல்ல... நான் மறந்துட்டா உங்க ரிப்போர்ட் தப்பாயிடும்லப்பா."

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

திங்கள் மாலை மூவரும் டாக்டர் முன் உட்கார்ந்தார்கள்.

"திருத்தம் ஏதும் இல்லையே சார்?"

"ஒண்ணு இருக்கு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கல்பகம் தலையில் கைவைத்தாள். ஜகதீசன் தொடர்ந்தார்: "குறைபாடுன்னு இருக்கறது இருக்கட்டும். ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாம அதைச் சமாளிச்சிருக்கா. அதையும் கீழே சேர்க்கணும்."

சேர்த்தார்கள். ஜகதீசன் கையெழுத்திட்டார்.

தேஜஸ்வினி அவர் முழங்கையைத் தொட்டாள். "அந்த செக்‌ஷன்ல லஞ்ச் டைம் முழுசா விடுவாங்களாப்பா?"

"தெரியலையேம்மா," என்றார். "இரு, கேட்டுண்டு வரேன்."

"ஸ்கூல் மூடியிருக்கும் சார்," என்றார் டாக்டர்.

அதற்குள் அவர் வாசலுக்குப் போயிருந்தார்.