வலது கால்

தேவராஜ் ஷூ மாட்டி முடிப்பதற்குள் ஆலங்காயத்துக்கு ஒரு பஸ் போய்த் திரும்பிவிடும். மாதம் ஒரு தடவை, இரண்டாம் சனிக்கிழமை மட்டும்தான் இந்தக் கூத்து. அன்றைக்கு ஆலங்காயத்தில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கூட்டம். மற்ற நாளெல்லாம் மலையடிவாரத்து நிலத்தில் அவரும் வெறுங்கால் ஆசாமிதான். எத்தனை டாக்டர் சொல்லியும் கேட்டதில்லை.

"அந்த மெத்துச் செருப்பப் போட்டுக்கினு போனா இன்னா? சக்கர வியாதிக்காரங்களுக்குன்னு தானே குடுத்தாங்க" என்றாள் அவர் மனைவி ஜெயம்மாள், முறத்தில் சாமை புடைத்தபடி.

"ஹவில்தாரு செருப்புல போவானா?"

"ஹவில்தாரா இருந்து இருபத்தஞ்சு வருசம் ஆவுது. நெனப்பு மட்டும் போவல."

அவர் வலது கால் ஷூவை அவள் பார்வைக்கு மறைவாகத் திரும்பி உட்கார்ந்து மாட்டினார். அந்தப் பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, எட்டணா அகலத்துக்கு ஒரு புண். வந்து இருபது நாள் ஆயிற்று. பஞ்சு வைத்து, மேலே இரண்டு சாக்ஸ் போட்டு மூடி வைத்திருந்தார். வலியே கிடையாது. பதினெட்டு வருஷச் சர்க்கரை அந்தப் பாதத்தில் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. வலிக்காத புண்ணைப் புண் என்று கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று மனிதர் தாமாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

பயம் இல்லாமல் இல்லை. சங்கத்திலேயே ரங்கன் என்பவருக்கு இப்படி ஒரு புண்ணில் தொடங்கி முழங்கால் வரை எடுத்தார்கள். ஆனால் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி நீலகிரியில் வெலிங்டனில் அவருடைய பட்டாலியன் ரீயூனியன். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்த வருஷம் லடாக்கில் கூட இருந்த கருப்பனும் வருகிறானாம். கருப்பனைப் பார்த்து முப்பத்து நாலு வருஷம். புண் என்று வாயைத் திறந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்கள். போய்விட்டு வந்து காட்டிக்கொள்ளலாம், இருபது நாள் இருந்த புண் இன்னும் இருபத்தைந்து நாள் இருக்காதா? இதுதான் அவருடைய மகா திட்டம்.

சங்கக் கட்டடத்தில் அவரைத் தவிர ஒன்பது பேர் வந்திருந்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டு, மூச்சு என்று ஆளுக்கொன்று. நடுவில் ஜமுக்காளத்தில் சிவசங்கரி உட்கார்ந்திருந்தாள். வேலூரிலிருந்து பஸ் ஏறி வரும் மனநல ஆலோசகர், முப்பது வயதுகூட இருக்காது. முதல் மாதம் அவள் வந்தபோது, "நாங்க இன்னா பைத்தியமா?" என்று பாதிப் பேர் எழுந்தே போனார்கள். மீதிப் பேரை "எப்படி இருக்கீங்க?" என்று வரிசையாகக் கேட்டாள். "நல்லா இருக்கேன் மேடம்", "நல்லா இருக்கேன் மேடம்" என்று ரோல்கால் மாதிரி பதில் வந்தது. அதில் ஒருவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டாள். பழைய கதையைக் கேட்பாள். பட்டாளத்துக்காரனிடம் பழைய கதை கேட்டால் நிறுத்த முடியுமா? எழுந்து போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

இன்றைக்கு அவள் ஒரு பையிலிருந்து கைக்கண்ணாடிகளாக எடுத்து வைத்தாள். "தெனமும் காலைல பாதத்துக்கு அடியில இந்தக் கண்ணாடிய வெச்சுப் பாக்கணும் ஐயா. சின்ன வெடிப்பு இருந்தாலும் தெரிஞ்சிடும்."

"மூஞ்சியப் பாக்கவே தைரியம் பத்தல, காலப் பாக்கணுமாம்" என்று தங்கவேல் சொல்ல, கூடம் சிரித்தது. தங்கவேல் அமிர்தி ஊர்க்காரர். லடாக்கில் தேவராஜின் செக்‌ஷனில் சிப்பாயாக இருந்தவர். இப்போது தொந்தி குறுக்கே நிற்கிறது, குனிந்தால் மூச்சு வாங்குகிறது.

தேவராஜுக்குக் கை துறுதுறுத்தது. "கண்ணாடி எதுக்கும்மா? எங்க காலத்துல ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன்னு ஒண்ணு உண்டு, தெனம் கால சோதிக்கறது" என்று ஆரம்பித்தார்.

லடாக்கில் பதினாறாயிரம் அடி உயரக் காவல் போஸ்ட். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றிப் பத்து பேர், போர்வைக்குள் உடம்பு, வெளியே காலை நீட்டிக்கொண்டு. ஹவில்தார் தேவராஜ் டார்ச்சோடு வரிசையாக வருவார். ஒவ்வொரு விரலையும் அழுத்த வேண்டும். வெளுத்து, உடனே சிவந்தால் சரி. சிவக்காமல் போனால் பனி கடித்துவிட்டது என்று அர்த்தம், உடனே கீழே அனுப்ப வேண்டும். யாருக்கு ஆணிக்கால், யாருக்குத் தட்டைப் பாதம், யார் சாக்ஸை வயிற்றில் வைத்துக் காயவைக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெண்டாட்டி முகத்தைவிட அந்தப் பத்து ஜோடிக் கால்கள்தாம் அப்போது அவருக்கு அதிகப் பழக்கம். அந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது. டீ டம்ளர் கையோடு ஒட்டிக்கொள்ளும் குளிரில், ஒருத்தன் பாட ஒன்பது பேர் கூடவே தப்பாகப் பாட, அந்த நாளெல்லாம் எங்கே போயின? நிலமும் வீடும் பிள்ளைகளும் வந்தது உண்மைதான். ஆனால் ஒருத்தனுக்கு ஒருத்தன் அவ்வளவு வேண்டியிருந்த காலம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

"பசங்க ஏமாத்துவானுங்களா?" என்று கேட்டாள் சிவசங்கரி.

"ஏமாத்தாம? இருட்டுல ஒரே கால ரெண்டு வாட்டி நீட்டுவானுங்க!" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

கருப்பன் அப்படித்தான் நீட்டினான். நாலு நாளில் லீவு, தங்கச்சிக்குக் கல்யாணம். அன்று காலையில் அவன் வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததை தேவராஜ் பார்த்திருந்தார். சாயங்காலம் இடது காலையே மறுபடி நீட்டினான். இடது கால் என்று விரலைத் தொட்டதுமே தெரிந்தது. தெரிந்தும், "ஓகே" என்று சொல்லி அடுத்தவனிடம் நகர்ந்துவிட்டார். பாவம் பையன், கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்தார். மூன்றாம் நாள் பனிப்புயல். ஹெலிகாப்டர் வந்தபோது பாதி பாதம் கறுத்துப் போயிருந்தது. சண்டிகர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு கருப்பன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. கோபம் இருக்காதா என்று இவரும் எழுதவில்லை. ரீயூனியனில் அவன் கையைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணமே.

"இப்பவே செஞ்சு காட்டுங்களேன் ஐயா" என்றாள் சிவசங்கரி.

தரையில் உட்கார்ந்தார். ஒன்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கால் நீட்டினார்கள். கை மறந்திருக்கவில்லை. அழுத்தினார், விரல் இடுக்கைப் பிரித்தார், நகம் வெட்டாததற்குத் திட்டினார். தங்கவேலின் குதிகாலில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, "இன்னாடா இது, திங்கக்கெழமை டாக்டர்கிட்ட போற" என்று உத்தரவு போட்டார். அரை மணி நேரம் அவருக்கு வயது முப்பத்திரண்டு.

"இப்ப உங்க காலுண்ணே" என்று தங்கவேல் கையை நீட்டினார்.

"எனக்கின்னா, கல்லு மாதிரி கீது."

ஆனாலும் எல்லோரும் பார்க்கிறார்கள். தேவராஜ் இடது ஷூவைக் கழற்றிக் காட்டினார். தங்கவேல் ஒவ்வொரு விரலாக அழுத்தினார். "நல்லா கீது. அடுத்தது."

"ரெண்டும் ஒண்ணுதான்பா. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று தேவராஜ் சாக்ஸைத் தேடினார்.

தங்கவேல் விடவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, அன்னிக்கி கருப்பன் பக்கத்துல நான்தான் படுத்துக்கினு இருந்தேன். நீங்க வலது கால கேக்கல. நான் கேப்பேன்."

 இத்தனை வருஷமும் இவனுக்குத் தெரியும்! தெரிந்தும் கல்யாணம் கார்த்திகை என்று வந்து போய்க்கொண்டுதான் இருந்தான். சிவசங்கரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். வலது ஷூவின் கயிறு, தேவராஜ் எத்தனை இழுத்தும் அவிழவில்லை. கடைசியில் தங்கவேல்தான் மூச்சு வாங்கக் குனிந்து அவிழ்த்தார். பஞ்சு புண்ணோடு ஒட்டியிருந்தது. நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது, யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

"வலிக்குதா ஐயா?" என்றாள் சிவசங்கரி.

"வலிக்கலம்மா." புண்ணையே பார்த்துக்கொண்டு, "பயமா கீது" என்றார்.

அந்தக் கூடத்தில் அந்த வார்த்தையை யாரும் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு டயாலிசிஸ்காரர், "எனக்கும்தான்" என்று மெல்லச் சொன்னார்.

அன்றைக்கே வேலூருக்குக் கூட்டிப் போனார்கள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார் டாக்டர். அதன் பிறகும் புண் சீக்கிரத்தில் ஆறவில்லை. ஜெயம்மாள் டிக்கெட்டைத் தானே கொண்டுபோய் ரத்து செய்துவிட்டு வந்தாள்.

ஒன்பதாம் தேதி மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, ரீயூனியனுக்குப் போயிருந்த தங்கவேலின் போனுக்கு அடித்தார். வெலிங்டனில் பேண்டு வாத்தியம் இரைந்தது. "கருப்பன்கிட்ட குடு."

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" குரல் கிழடு தட்டியிருந்தது.

"கருப்பா, நான் சொல்றத குறுக்க பேசாம கேளு. நீ அன்னிக்கி எடது கால ரெண்டு வாட்டி நீட்டுன. நான் ஏமாறல. தெரிஞ்சேதான் ஓகேன்னேன்."

 தேவராஜ் திட்டுக்குக் காத்திருந்தார்.

"ஏண்ணே இத முன்னாலயே சொல்லல?" கருப்பன் அழுதுகொண்டிருந்தான். "உங்கள ஏமாத்திட்டேனேன்னு இத்தினி வருசம் உங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கினு கெடந்தேண்ணே. உங்க ஊரு வழியா பஸ்ல போவேன். எறங்க மாட்டேன்."

தேவராஜ் போனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஜெயம்மாளிடம் நீட்டினார்.

"வூட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.