ஏறாத கணக்கில் ஏறிய ஆறு டிகிரி

பழுக்கக் காய்ச்சிய பல்சக்கரம் பத்துக் கிலோ. தொட்டியில் இருநூறு லிட்டர் தண்ணீர், சூடு இருபத்தெட்டு டிகிரி. சக்கரத்தை முக்கினால் ஆறு டிகிரி ஏறி முப்பத்துநான்கு வர வேண்டும். பட்டறை எஞ்சினியரான நான் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. தெர்மாமீட்டரோ மூன்று நாளாக நாற்பதிலேயே நின்று அடம்பிடித்தது. சக்கரத்தை மறுபடி எடை போட்டேன், தண்ணீரை அளந்தேன், கடைக்காரனைத் திட்டித் தெர்மாமீட்டரையே மாற்றினேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் காலை, வழக்கம்போலத் தண்ணீரின் சூட்டைக் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனவன், கண்ணாடியை மறந்து பாதியில் திரும்பினேன். உலையைப் பார்த்துக்கொள்ளும் என் மச்சான், அதே அளவில் பழைய சக்கரம் ஒன்றைச் சிவக்கக் காய்ச்சித் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"பச்சைத் தண்ணியில புதுச் சக்கரத்தைப் போட்டா கீறல் விட்டுடும் மாப்பிள்ளை. தினமும் பழசு ஒண்ணைப் போட்டுத் தண்ணியைச் சூடு பண்ணிட்டுத்தான் நல்லதை இறக்குவேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கத்தினேன்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா தெர்மாமீட்டரைத்தானே கேட்டுட்டிருந்தீங்க!"