மழைக்கு மாற்றிப் போட்ட சால்வை

ஐப்பசி பாதி போயும் ஒரு துளி விழவில்லை. புழுதியில் விதைத்த நெல் முளைத்த கையோடு கருகியது. கடைசியில் ஊர் ஆண்கள் எல்லாரும் வயல்வெளியில் கூடி மழைத் தொழுகை தொழுதார்கள். மௌலவி சால்வையின் வலப்பக்கத்தை இடத் தோளுக்கு மாற்றிப் போட, மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யா அல்லாஹ், இதைப் போல எங்கள் நிலைமையையும் மாற்று. மஹ்றூப் அழுத அழுகையில் பக்கத்தில் நின்றவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வயல்காரன் யோகலிங்கம் மனைவி சுதாஜினியோடு வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் சேர்த்துக் கேளுங்கோ நானா. எங்கட பிள்ளையாருக்கு அவ்வளவு பெரிய காதிருந்தும் கேக்கேல்லை."

மஹ்றூப் அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்டார்.

மழை வந்தது. ஊரே சிரித்தது. "மஹ்றூப் நானா கேட்டா வானம் மறுக்காது" என்று யோகலிங்கம் சந்தைவரை சொல்லித் திரிந்தான். வந்த மழைக்கோ போக மனமில்லை. கார்த்திகையில் புயலும் சேர்ந்துகொள்ள, குளக்கட்டு உடைந்து இரண்டு பேருடைய வயலையும் வாரிக்கொண்டு போனது. பள்ளிவாசல் மேட்டில் இருந்ததால் அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க அங்கேதான் ஒதுங்கியது. சுதாஜினியும் வந்தாள். கட்டிக்கிடந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போன யோகலிங்கம் வரவில்லை.

வெள்ளம் வடிந்த காலையில் தேடப் போன மஹ்றூப்தான் அவனை முதலில் கண்டார். வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தான். கையில் இன்னும் மாட்டுக் கயிறு இருந்தது. மஹ்றூப் பக்கத்தில் குந்தினார். நான் கேட்ட மழை. அழுது அழுது, இவனுக்கும் சேர்த்து நான் கேட்ட மழை. குளிருக்குப் போர்த்திருந்த சால்வையை எடுத்து அவன் முகத்தை மூடினார். கூட வந்தவர்களைக் காவலுக்கு விட்டுவிட்டு, சுதாஜினியிடம் சொல்ல அவர் மட்டும் திரும்பினார்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தார். பள்ளிவாசல் படிக்கு வருவதற்குள் அவள் ஓடி வந்துவிட்டாள்.

"நானா, நீங்கள் கேட்டாக் கடவுள் குடுக்கிறார். நான் என்ர கண்ணால கண்டனான். இவர் உயிரோட வரவேணுமெண்டு கேளுங்கோ."

"தங்கச்சி, கொஞ்சம் இருங்கோ..."

"இல்லை நானா, இப்பவே கேளுங்கோ. அண்டைக்குச் செய்த மாதிரிச் சால்வையை மாத்திப் போட்டுக் கேளுங்கோ. நானும் பக்கத்தில நிண்டு கும்பிடுறன்."

அவள் கைகளைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மஹ்றூபும் கைகளை ஏந்தினார். கேட்பதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அன்றைக்கு மளமளவென்று வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இன்றைக்கு வரவில்லை.

சத்தமில்லாததால் சுதாஜினி கண்ணைத் திறந்தாள். ஏந்திய கைகளைப் பார்த்தாள். பிறகு அவருடைய வெறும் தோளைப் பார்த்தாள்.

"நானா, உங்கட சால்வை எங்கை?"